மேடலினுக்காக யாரும் கடிதம் எழுதுவதில்லை

அன்புள்ள ஐயா,

ஐ.டி.யில் வேலை செய்கிறேன். பத்து வருடமாக எக்ஸ்-மென் காமிக்ஸ் படிக்கிறேன். 2019இல் ஜொனாதன் ஹிக்மன் தொடங்கிய க்ரகோவா காலகட்டம்தான் தொடரின் உச்சம் என்பது என் கருத்து. மியூட்டன்ட்களுக்கென்று, அதாவது பிறவியிலேயே அபூர்வ சக்தி உள்ளவர்களுக்கென்று, ஒரு தீவு, ஒரு நாடு, சாவு என்பதே இல்லை. 2024இல் அதை முடித்துவிட்டுப் பழைய பாணிக்கே திரும்பிவிட்டார்கள். என் நண்பனோ அதுதான் சரி, ஜீன் கிரே – சைக்ளாப்ஸ் காதல்தான் எக்ஸ்-மென்னின் உயிர் என்கிறான். எங்களுக்குள் பேச்சே நின்றுவிட்டது. தொடர் எந்தத் திசையில் போகவேண்டும்? ரசிகர்கள் சொல்வதைக் கேட்டால் என்ன தப்பு? திரைப்படங்கள் பற்றியும் உங்கள் கருத்தை எழுதவும்.

(கோவை வாசகர் ஒருவர்)

அன்புள்ள நண்பருக்கு,

படங்கள் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை. திசையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1970 முதல் 1975 வரை பழைய கதைகளையே மறுபடி அச்சடித்து ஓட்டிய தொடர் இது. எதையும் தாங்கும். முதலில் நண்பருக்குப் போன் போடுங்கள், சம்பாதிக்கிற வயதில் இதற்கெல்லாமா பேசாமல் இருப்பார்கள்!

ரசிகர்கள் சொல்வதைக் கேட்டால் என்ன தப்பு என்கிறீர்கள். கொஞ்ச நாளாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். ஒருமுறை கேட்டார்கள்.

1980இல் 137ஆம் இதழில் ஜீன் கிரே செத்தாள். எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மாண்டும் ஓவியர் ஜான் பைர்னும் முதலில் உருவாக்கிய முடிவில் அவள் சாகவில்லை; சக்தியை மட்டும் இழந்து வீடு திரும்புகிறாள். ஒரு கிரகத்து மக்களையே அழித்தவள் அப்படித் தப்பக் கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒற்றைக்காலில் நின்றார். கடைசிப் பக்கங்களை மாற்றினார்கள். படைப்புச் சுதந்திரம் பற்றி முழங்குகிற ரசிகர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு கிளேர்மாண்ட் செய்ததுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய காரியம். ஸ்காட்டை, அதாவது உங்கள் சைக்ளாப்ஸை, துக்கத்திலிருந்து எழுந்து வாழவிட்டார். 1983இல் அலாஸ்காவில் விமானம் ஓட்டும் மேடலின் பிரையர் வருகிறாள். ஜீனின் அதே முகம், ஆனால் வேறு மனுஷி. கல்யாணம் ஆகிறது, பிள்ளை பிறக்கிறது.

நிர்வாகத்துக்கோ எக்ஸ்-மென்னின் முதல் ஐவரையும் சேர்த்து எக்ஸ்-ஃபாக்டர் என்று புதுத் தொடர் போட ஆசை. ஐவரில் ஒருத்திதான் உயிரோடு இல்லையே. வழி எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? கர்ட் பியூசிக்கிடமிருந்து. பின்னாளில் பேர்பெற்ற எழுத்தாளர். அந்த யோசனை தோன்றிய காலத்தில் வெறும் ரசிகர். செத்தது ஜீனே அல்ல, அவள் உருவை எடுத்த ஒரு சக்தி. அசல் ஜீன் நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடாவுக்கு அடியில் ஒரு கூட்டுக்குள் கிடக்கிறாள். கெட்டிக்கார யோசனை, மறுக்கவில்லை. கொலைப்பழியும் கழிந்தது, ஷூட்டரும் சம்மதித்தார். எக்ஸ்-ஃபாக்டர் முதல் இதழில், ஜீன் உயிரோடிருக்கும் செய்தி வந்ததும் ஸ்காட் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கிளம்புகிறான். உங்கள் நண்பர் சொல்லும் உயிர் இதுதான்.

அப்புறம் மேடலினை என்ன செய்தார்கள்? பேய்களோடு பேரம் பேசுகிறவள் ஆக்கினார்கள். பெற்ற பிள்ளையையே பலிகொடுக்கத் துணிந்தவள் ஆக்கினார்கள். அவள் ஜீனின் குளோன்தான், உயிருள்ள நகல்தான் என்றும் சொன்னார்கள். 1989இல் கொன்றுவிட்டார்கள்.

எங்கள் உறவில் ஒரு அக்கா உண்டு. கணவர் பழைய காதலைத் தேடிப் போய்விட்டார். அக்காவை அதுவரை தங்கம் என்று சொன்ன வாய்களே, அவளுக்கு வாய்த்துடுக்கு, புத்தி சரியில்லை, ராத்திரியில் தனியாகப் பேசுகிறாள் என்று ஆரம்பித்தன. போனவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் யோக்கியனாகவே இருக்கவேண்டுமென்றால் இவள் பேயாகத்தானே வேண்டும்? என் பிளஸ் டூ ஃபீஸைக் கட்டியவள் அவள். மேடலின் கதையைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்தபோது எனக்கு வந்த கோபம் காமிக்ஸ் மேல் மட்டும் வந்ததல்ல.

இனி உங்கள் சொர்க்கத்துக்கு வருகிறேன். செத்த மியூட்டன்ட்களையெல்லாம் எழுப்பிய தீவு, இல்லையா? 2020இல் க்ரகோவா காலத்துத் தொடர்களில் ஒன்றான ஹெல்லியன்ஸின் நான்காம் இதழில் மேடலினை எழுப்பும் பேச்சு வந்தபோது, குளோனுக்கு இடமில்லை என்று தீவை ஆண்ட சபை மறுத்துவிட்டது. பொறுக்காமல் குமுறியவன் ஸ்காட்டின் தம்பி அலெக்ஸ். எழுதிய ஸெப் வெல்ஸை இதற்காகவே மதிக்கிறேன். சாவில்லாத ஊரிலும் கதவு யாருக்குச் சாத்தப்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஹெல்லியன்ஸின் கடைசியில்தான் அவளை எழுப்பினார்கள்.

க்ரகோவாதான் உச்சம் என்று இவ்வளவு எழுதியவர் ஹெல்லியன்ஸ் பற்றி ஒரு வரி எழுதவில்லை. படித்தீர்களா, இல்லை யூடியூபில் கதைச்சுருக்கம் கேட்டுவிட்டு வந்தீர்களா? மொத்தமே 18 இதழ்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.