ஹெக்ஸ் கேள்விகள்

போன இதழில் போகிற போக்கில் ‘ஹெக்ஸ்’ என்று ஓர் ஆட்டத்தைச் சொல்லியிருந்தேன். இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: ஆன்லைனில் செஸ் ஆடினால் கடிகாரம் ஓடுவதைப் பார்த்தே எனக்குப் படபடப்பு வந்துவிடுகிறது. 63 வயதுக்காரனுக்கு ஹெக்ஸ் ஒத்துவருமா?
– வாசகர், கோவில்பட்டி

ப: தாராளமாக. எனக்கே ஹெக்ஸைக் காட்டிக்கொடுத்தது அந்தப் படபடப்புதான். மூன்று நிமிட செஸ்ஸில், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை நேரம் தீர்ந்துபோய்த் தோற்ற ஒரு ராத்திரி, அவசரமில்லாத ஆட்டம் ஏதாவது உண்டா என்று தேடினேன். ‘லிட்டில் கோலெம்’ என்ற தளம் அகப்பட்டது. (கண்ணாடி போடாமல் ‘கோலம்’ என்று படித்துவிட்டு, மார்கழி சமாச்சாரம் போலிருக்கிறது என்று மூடப் பார்த்தேன்.) அங்கே கடிதப் போக்குவரத்து மாதிரிதான் ஆட்டம். நான் காலைக் காபியோடு ஒரு காய் வைப்பேன். எதிராளி மறுநாள் பதில் வைப்பார்.

விதிகள் ஒரு மூச்சில் சொல்லக்கூடியவை. தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள் அடுக்கிய பலகை. 11-க்கு 11, அல்லது 13-க்கு 13. முறை வைத்து ஆளுக்கொரு காய் வைக்க வேண்டும். வைத்த காய் நகராது, வெட்டும் கிடையாது. ஒருவர் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தன் காய்களால் அறுபடாமல் இணைக்க வேண்டும். மற்றவர் இடதையும் வலதையும்.

கே: ஆடிப் பார்த்தேன், ஐந்து ஆட்டமும் தோல்வி. எதிராளியின் காயை ஒட்டி ஒட்டித் தடுத்தாலும் சுற்றிக்கொண்டு போய்விடுகிறாரே?
– வாசகி, தென்காசி

ப: ஐந்துதானே! நான் முதல் பதினொன்றையும் தோற்றவன். ஒட்டித் தடுத்ததுதான் தப்பு. வாய்க்கால் உடைந்து தண்ணீர் ஓடும்போது அதன் மூக்குக்கு நேரே ஒரு கை மண்ணைப் போட்டால் நிற்குமா? நாலு எட்டு முன்னால் போய் அணை போட வேண்டும். ஹெக்ஸிலும் தள்ளி நின்றுதான் மறிக்க வேண்டும்.

இன்னொன்று, பாலம். உங்கள் காய்கள் இரண்டு ஒன்றையொன்று தொடவில்லை. ஆனால் இரண்டையும் தொடும் காலிக் கட்டங்கள் இரண்டு இருக்கின்றன என்று வையுங்கள். எதிராளி ஒன்றில் புகுந்தால் நீங்கள் மற்றதில் வைத்துச் சேர்த்துவிடலாம். ஆக, அந்தக் காய்கள் சேராமலே சேர்ந்தவை. அவர் வந்து முட்டும்வரை அங்கே காயை வீணாக்காதீர்கள். இது பிடிபட்ட அன்றுதான் பன்னிரண்டாவது ஆட்டத்தில் ஜெயித்தேன்.

அப்புறம், இதில் டிரா கிடையாது. பலகை முழுக்க நிரம்பினாலும் யாராவது ஒருவருடைய பாதை கட்டாயம் சேர்ந்திருக்கும். எதிராளியின் பாதையை முழுக்க அடைத்துவிட்டால், அடைத்த காய்களுக்குள்ளேயே உங்கள் பாதை இருக்கும். அதனால் ‘இப்போது தடுப்பதா, முன்னேறுவதா?’ என்று குழம்பாதீர்கள். இரண்டையும் ஒரே காய் செய்கிற இடத்தைத் தேடுங்கள்.

கே: முதலில் ஆடுபவருக்கே வெற்றி என்று கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டார்கள் என்கிறான் என் மகன். அப்புறம் எதற்கு ஆட வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

ப: மகன் சொல்வது சரிதான். டென்மார்க்கின் பீட் ஹெயின் 1942-இல் உருவாக்கிய ஆட்டம் இது. 1940-களின் கடைசியில், பிரின்ஸ்டனில் மாணவராக இருந்த ஜான் நாஷ் தானாகவே இதைக் கண்டுபிடித்தார். 1994-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றாரே, அவரேதான். அவருடைய வாதம் படு குறும்பு. இரண்டாவதாக ஆடுபவர் கையில் ஜெயிக்கும் வழி ஒன்று இருந்தால், முதலாமவர் எங்கோ ஒரு காயை வைத்துவிட்டு அதே வழியைத் திருடிக்கொள்ளலாம். கூடுதல் காயால் இங்கே ஒருநாளும் நஷ்டமில்லை. டிராவும் இல்லையே, எனவே வெற்றி முதலாமவருக்கு.

ஆனால் எப்படி ஜெயிப்பது என்று அந்த நிரூபணம் மூச்சே விடவில்லை. வீட்டில் புதையல் உண்டு என்று சொல்லிவிட்டு, எந்த அறையில் என்று சொல்லாமல் போன ஜோசியர் மாதிரி. 9-க்கு 9 பலகையைக் கணினி முழுக்கத் துருவி முடித்துவிட்டது. 13-க்கு 13-இல் 169 கட்டங்கள். அங்கே நாமே தோண்ட வேண்டியதுதான்.

முதல் காயின் அனுகூலத்தைக் குறைக்க ஓர் ஏற்பாடும் உண்டு. அண்ணன் மாம்பழத்தை வெட்ட, தம்பி தனக்குப் பிடித்த துண்டை எடுக்கிற கதை. நீங்கள் வைத்த முதல் காய் ரொம்ப நன்றாக இருந்தால் எதிராளி அதைத் தனதாக்கிக்கொள்ளலாம். அதனால் நடுவில் வைக்காமல், போன வாரம் ஓரமாக, யாருக்கும் வேண்டாத இடம் என்று நினைத்து ஒன்றை வைத்தேன். அதையும் மாற்றிக்கொண்டுவிட்டார். இரண்டு நாளாக யோசிக்கிறேன், இன்னும் பதில் வைக்கவில்லை.