எஸ்ஆர் 500: ஹெட்டுக்கு ஆயில் போதவில்லையா?

வணக்கம் நண்பரே. உங்கள் யமஹா எஸ்ஆர் 500 மோட்டார் சைக்கிளின் எக்ஸாஸ்ட் ராக்கர் (புகை வெளியேறும் வால்வைத் திறக்கும் நெம்புகோல்) தேய்ந்திருப்பதால், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கூடுதல் ஆயில் பைப் பொருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முன், இப்போதுள்ள பைப்பை ஹெட்டில் பிடித்திருக்கும் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் ஆயில் கசிகிறதா என்று கவனியுங்கள். கசியாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். இணைப்புகளில் கசிவைத் தடுக்கத் தாராளமாகப் பூசிய கேஸ்கெட் பேஸ்ட், அந்த போல்ட்டில் ஆயில் செல்லும் துளைக்குள் இறுகி அடைத்துக் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ராக்கர்களை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் பால் பேரிங்கில் சுழல்வதால், ஹெட்டில் தேவைப்படுவது அதிக அழுத்தமன்று, தடையற்ற ஓட்டமே. எனவே துளையைப் பெரிதாக்காதீர்கள். அப்படிச் செய்தால் கிராங்க்கின் பிக் எண்ட் பேரிங்குக்குச் (பிஸ்டனின் தண்டு கிராங்க்கோடு சேரும் இடத்திலுள்ள பேரிங்) சேர வேண்டிய ஆயில் குறைந்துவிடும். ஓட்டம் சரியாக இருந்தால் மட்டும், எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு மெல்லிய கிளைக் குழாய் ஒன்றைப் புதிய செப்பு வாஷர்களுடன் பொருத்துங்கள்.