வறுத்த சூரை சாப்ட்டு முகம் சிவந்து அரிப்பு: மீன் அலர்ஜியா?

அலர்ஜின்னு இப்பவே முடிவு பண்ணி மீனையே விட்டுடாதீங்க. ரோட்டோரக் கடைல சூரை சாப்ட்டு அரை மணி நேரத்துல முகம் சிவந்து, அரிப்பு, தலைவலின்னு சொல்றீங்க, இத்தனை நாள் அதே மீன் ஒண்ணும் பண்ணலன்னும் சொல்றீங்க, அப்படின்னா ஹிஸ்டமின் (அலர்ஜி வந்தா நம்ம உடம்பே சுரக்கற, அரிப்பு தர்ற பொருள்) மீன்லயே சேர்ந்து வந்த விஷமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீனைப் பிடிச்சதும் ஐஸ்ல வைக்காம விட்டா பாக்டீரியா அதுல ஹிஸ்டமினை உண்டாக்கிடும். எவ்வளவு முறுகலா வறுத்தாலும் அது போகாது, நாத்தமும் தெரியணும்னு இல்ல, அதனால "சுடச்சுடத்தானே சாப்ட்டேன்"ங்கறது இதுல செல்லாது. சில சமயம் நாக்குல மிளகு பட்ட மாதிரி சுருக்குன்னு இருக்கும், அப்படி இருந்தா துப்பிடுங்க.

அதே மீனை உங்க கூட சாப்ட்டவங்களுக்கும் இப்படி ஆச்சான்னு கேளுங்க, ஆகியிருந்தா அனேகமா இதுதான். அடுத்த தடவை வறுக்கறதுக்கு முன்னாடி மீன் எங்க கிடக்குன்னு பாருங்க, ஐஸ்ல புதைஞ்சிருக்கணும், மசாலா தடவி தட்டுல அடுக்கி மணிக்கணக்கா வெளிய இருந்தா சூரை வேணாம்.

உங்களுக்கு மட்டும்தான் வந்துச்சுன்னா டாக்டரைப் பாக்காம மறுபடி சாப்ட்டு டெஸ்ட் பண்ணாதீங்க ப்ளீஸ். மூச்சுத் திணறினாலோ உதடு, தொண்டை வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.