பட்டியல் எங்கே? ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

தர்மபுரி மாவட்டத்தில் 15 லட்சம் பேர். கைடு ஒரு சதவீதம் பேரைச் சாம்பிளாக (மாதிரியாக) எடுக்கச் சொல்கிறார், சீனியர் 384 போதும் என்கிறார். தலைப்பு யுபிஐ பயன்பாடு. யார் சொல்வது சரி? (எம்.காம்., தர்மபுரி)

சீனியர்தான். ஒரு சதவீதம் என்றால் 15,000 பேர், எப்போது முடிப்பீர்கள்? கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970-ல் போட்ட சாம்பிள் அளவு அட்டவணையில் பத்து லட்சம் பேருக்கு 384, அதற்கு மேல் ஆள் கூடினாலும் எண் அசையாது. ஆனால் அது 95 சதவீத நம்பகத்துக்கும் 5 சதவீதப் பிழைக்கும், அதுவும் ராண்டமாக, அதாவது குலுக்கல் முறையில், எடுத்தால் மட்டும். அப்புறம், அந்த 15 லட்சம் 2011 கணக்கு, கைக்குழந்தையும் அதில் அடக்கம். யுபிஐ பயன்படுத்துவோர்தான் உங்கள் பாப்புலேஷன் (ஆய்வு யாரைப் பற்றியதோ அந்த மொத்தப் பேர்), மாவட்டம் முழுவதும் அல்ல. அவர்களுக்குப் பட்டியல் எங்கே என்று முதலில் பாருங்கள்.

2001-ல் தர்மபுரியில் 28 லட்சம், 2011-ல் 15 லட்சம். குறைந்ததற்குக் காரணம் என்னவென்று அறிமுகத்தில் எழுதலாம்? (பென்னாகரம்)

2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதை எழுதலாம். வீட்டில் பெரியவர்கள் யாரையாவது கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள்.

சாம்பிள் அளவைக் கணக்கிட யமானே சூத்திரமா, கிரெஜ்சி-மார்கனா?

1,200 பேருக்கு ஒன்று 300 தரும், இன்னொன்று 290 சொச்சம். ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்ட மா விவசாயிகள் 120 பேர். பாதிப் பேரை மண்டியில் பார்த்துக் கேட்டேன், மீதி வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் ஃபார்ம். எளிய ராண்டம் மாதிரி என்று எழுதியிருக்கிறேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் என்ன சொல்வது? (போச்சம்பள்ளி)

ராண்டம் இல்லை என்று சொல்லுங்கள், வேறென்ன சொல்வது. இதை எத்தனை தடவைதான் எழுதுவது? கண்ணில் பட்டவரைப் பிடித்துக் கேட்டால் அது வசதி மாதிரி. முன்பின் தெரியாத ஆட்களைக் கேட்டேன், அதனால் ராண்டம் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ராண்டம் என்றால் மொத்தப் பேரின் பட்டியல் கையில் இருக்க வேண்டும், யார் வரவேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யாமல் குலுக்கல் முடிவு செய்ய வேண்டும்.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்பீர்கள். மண்டிக்கு வருகிறவர் தானே பறித்து விற்பவர். பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டவரும், பெங்களூரா காயை நேரே கூழ் ஆலைக்கு ஏற்றுகிறவரும் அங்கே எதற்கு வருகிறார்கள்? வாட்ஸ்அப்பில் பதில் போட்டவர்கள் இன்னொரு ரகம். இந்தக் கலவையை வைத்து 'விலையில் திருப்தி இத்தனை சதவீதம்' என்று எழுதினால் அது யாருடைய திருப்தி? 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 23 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களை நம்பிப் பெரும்பாலான அட்டைகளை அனுப்பினார்கள், அதிலும் மனசிருந்தவர்கள்தான் திருப்பிப் போட்டார்கள். 23 லட்சமே காப்பாற்றவில்லை, உங்கள் 120 எம்மாத்திரம்?

இன்னும் அவகாசம் இருந்தால் ஏழெட்டு கிராமங்களைக் குலுக்கி எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலை (சாகுபடிப் பதிவேட்டை) பார்த்து, மா வைத்திருப்பவர்களைப் பட்டியல் போட்டு, அதிலிருந்து மறுபடி குலுக்கி, வீட்டுக்கே போய்க் கேளுங்கள். அவகாசம் இல்லையென்றால் வசதி மாதிரி என்று எழுதி, முடிவுகளை அந்த 120 பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வசதி மாதிரி எடுத்ததற்காக யாரும் முனைவர் பட்டத்தைப் பிடுங்கமாட்டார்கள். பெயரை மாற்றி எழுதினால்தான் வைவாவில் மாட்டுவீர்கள்.

10 பள்ளி, பள்ளிக்கு 30 பேர், மொத்தம் 300. சரிதானே? (எம்.எட்., அரூர்)

தலைக்கணக்கு சரி. ஆனால் ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே வாத்தியாரிடம் படித்து ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். அந்த ஒற்றுமை, முழுக்க ஒரே மாதிரி என்றால் 1 என்கிற அளவுகோலில், 0.1 அளவு இருந்தாலே உங்கள் 300-க்கு சுமார் 75 பேரின் மதிப்புதான். 30 பள்ளி, பள்ளிக்கு 10 பேர் என்று மாற்றினால் அதே 300-க்கு 160 பேர் மதிப்பு வரும். பஸ் செலவு கூடும், என்ன செய்வது. பள்ளிகளையும் பட்டியலிலிருந்தே எடுங்கள், பக்கத்தில் இருப்பதை அல்ல.

ஓசூர் ஆலை ஒன்றில் தொழிலாளர் பட்டியல் தர மறுக்கிறார்கள். எச்.ஆர். தானே 60 பேரை அனுப்புகிறேன் என்கிறார். (எம்.பி.ஏ.)

அவர் அனுப்பினால் வேலை திருப்தி நூற்றுக்கு நூறு வரும். ஷிஃப்ட் முடிகிற நேரம் வாசலில் நில்லுங்கள். முதல் ஆளை ஒன்றிலிருந்து பத்துக்குள் குலுக்கி எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு பத்தாவது ஆள். இரவு ஷிஃப்டையும் விடாதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேறு வாசல் வழியாக வெளியே வருகிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

அவசரம் சார், என் தலைப்புக்கு எந்த சாம்பிளிங் என்று உடனே சொல்லுங்கள்.

தலைப்பை எழுதவில்லை.

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் தமிழ் வினாத்தாள் போதுமா?

போதாது. தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் அங்கே நிறைய. குலுக்கலில் வந்த வீட்டை பாஷை புரியவில்லை என்று தாண்டிப் போனால் அப்புறம் அது ராண்டம் இல்லை. இரண்டு மொழியிலும் வினாத்தாள் தயாரித்து, அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.