‘நான் கேட்டது இது இல்லையே!’

கேள்வி: எங்களுடையது சிறிய மென்பொருள் நிறுவனம். ஒரு மளிகைக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்தோம். முதலாளியோடு மூன்று முறை உட்கார்ந்து பேசினோம். “பழைய சாஃப்ட்வேரில் இருந்த எல்லாமே வேண்டும், வேகமாகவும் இருக்க வேண்டும்” என்றார். மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிய 60 பக்க தேவை ஆவணத்தில் கையெழுத்தும் வாங்கினோம். இப்போது “நான் கேட்டது இது இல்லையே” என்கிறார். எங்கே தவறினோம்?

பதில்: முதலில், அந்தக் கையெழுத்தைக் காட்டி வாதாடாதீர்கள். 60 பக்கத்தை அவர் படித்திருக்க மாட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் படித்திருக்க மாட்டேன்.

முதலாளியிடம் மூன்று முறை பேசியிருக்கிறீர்கள், சரி. பில் போடுகிற பெண்ணிடம் எத்தனை முறை பேசினீர்கள்? ஒரு சனிக்கிழமை மாலை கல்லா அருகில் சும்மா நின்று பாருங்கள். பாதி பில் ஏறியிருக்கும்போது ஒருவர், “ஐயோ, துவரம்பருப்பு மறந்துட்டேன்” என்று உள்ளே ஓடுவார். பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். பில் புத்தகமாக இருந்தால் அந்தத் தாளை விட்டுவிட்டு அடுத்த தாளில் தொடங்கிவிடலாம். உங்கள் திரையில் பாதி பில்லை நிறுத்தி வைக்க வழி இருக்கிறதா? இதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். தினமும் கை பழகிப்போன வேலை, கேட்டால் நினைவுக்கு வராது. அதனால்தான் தேவைகளைச் சேகரிப்பதில் பேட்டியைவிடப் பக்கத்தில் நின்று பார்ப்பதை நான் அதிகம் நம்புகிறேன்.

வாய்விட்டுக் கேட்பதையும் அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. “எக்ஸெல்லில் ரிப்போர்ட் வேண்டும்” என்பது தேவை அல்ல, அவர் யோசித்து வைத்திருக்கும் தீர்வு. “அதை வைத்து என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். யார் யார் கடன் பாக்கி 30 நாள் தாண்டிவிட்டது என்று பார்க்கத்தான் என்பார். அதுதான் தேவை. அதற்கு எக்ஸெல்லே வேண்டியிருக்காது.

அப்புறம், “வேகமாக”. சோதித்துப் பார்க்க முடியாத வாக்கியம் ஆவணத்தில் இருந்தும் இல்லாத மாதிரிதான். “40 பொருள் உள்ள பில்லில், கடைசிப் பொருளை ஸ்கேன் செய்து அச்சு பட்டனை அழுத்தினால் 2 விநாடிக்குள் அச்சு தொடங்க வேண்டும், இணையம் இல்லாவிட்டாலும்” என்று எழுதினால், ஆமாம் இல்லை என்று இரண்டு பேருமே பார்த்துச் சொல்லலாம். என்ன செய்ய வேண்டும் என்பதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். எவ்வளவு நேரத்தில், எந்தச் சூழலில், யாருக்கு அனுமதி என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

“பழையதில் இருந்த எல்லாமே” என்றாரே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து முதல்முறையாகக் கிளம்பிய ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் சுமார் 40 விநாடியில் சிதறியது. வழிகாட்டும் கணினியின் மென்பொருள் அதற்கு முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-இலிருந்து வந்தது. தரையில் இருக்கும்போது திசை காட்டும் கருவியைச் சரியாக நிலைப்படுத்தச் செய்யும் ஒரு கணக்கு, கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் ஓடும்படி அதில் இருந்தது. பழைய ராக்கெட்டில் அதற்குக் காரணம் இருந்தது. புதியதில் கிளம்பிய பிறகு அது எதற்குமே உதவாது. புதியதன் கிடைமட்ட வேகமும் அதிகம். கணக்கில் வந்த எண், அதற்கென ஒதுக்கிய 16 பிட் நினைவக இடத்தில் அடங்காத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. கணினி நின்றது. மாற்றுக் கணினியிலும் அதே மென்பொருள், அதுவும் நின்றது. பழைய தேவை ஒவ்வொன்றையும் “இது இன்னும் எதற்கு?” என்று கேட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

இப்போது என்ன செய்யலாம்? முதலாளி, பில் போடுபவர், கணக்குப் பார்ப்பவர் மூவரையும் ஒன்றாக உட்கார வைத்து இரண்டே பக்கம் எழுதுங்கள். இது இல்லாவிட்டால் கடை ஓடாது, இருந்தால் நல்லது, இப்போதைக்கு வேண்டாம் என மூன்று பிரிவு. மூன்றாவதை எழுதத்தான் எல்லோரும் கூச்சப்படுவார்கள். பின்னால் சண்டை வருவதும் அதில்தான். ஒவ்வொரு வரிக்கும் எண் கொடுத்து, யார் சொன்னது, எதற்காக, எப்படிச் சோதிப்பது என்று பக்கத்திலேயே குறியுங்கள். அடுத்த மாதம் அவர் மனசு மாறினால் எந்த வரி மாறுகிறது, எத்தனை நாள் வேலை கூடுகிறது என்று அந்தத் தாளை வைத்தே பேசலாம்.