ரிச்சர்ட் ப்ளாங்கோ இன்ஜினியரிங்கை எப்போது விட்டார்?

நியூ ஜெர்சியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம். பதினோராம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன் சிவில் இன்ஜினியரிங் வேண்டாம், கவிதைதான் படிப்பேன் என்று நிற்கிறான். ஏன் என்று கேட்டால் ரிச்சர்ட் ப்ளாங்கோவைக் காட்டுகிறான். "ஒபாமா பதவியேற்பில் கவிதை வாசித்தவராம். அவரும் இன்ஜினியரிங்கை உதறிவிட்டு வந்தவர்தானாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. கவிதை வாசித்தது உண்மை. உதறிவிட்டு வந்தாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ப்ளாங்கோ 1968-இல் ஸ்பெயினின் மாட்ரிட்டில் பிறந்தார். பெற்றோர் கியூபாவை விட்டு வெளியேறியவர்கள். கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர், வளர்ந்தது மயாமியில். உழைத்து முன்னேறிய குடியேறிகளின் வீடு. கலை, இலக்கியம் எல்லாம் ஒரு தொழிலாக அங்கே பேச்சிலேயே இல்லை. பையனுக்குக் கணக்கு நன்றாக வந்தது, சிவில் சேர்த்தார்கள். உங்கள் வீட்டுக் கதையைப் படிப்பது போல இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. 1991-இல் ஃப்ளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, மயாமியிலேயே ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அடுத்து நடந்ததை உங்கள் மகன் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ப்ளாங்கோவுக்கு எழுத்தின் மேல் ஆசை வந்ததே அந்த அலுவலகத்தில்தான். சிவில் வேலை என்றால் வரைபடம் மட்டுமல்ல. அறிக்கை, திட்ட முன்மொழிவு, வாடிக்கையாளருக்குக் கடிதம் என்று நாள் முழுக்க எழுத வேண்டியிருக்கும். அவற்றை எழுதி எழுதித்தான் சொற்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க ஆரம்பித்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் வேலையை விடாமல் அதே பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்தில் முதுகலை சேர்ந்து 1997-இல் முடித்தார். மறு வருடம் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் பரிசு பெற்று முதல் தொகுப்பு வெளிவந்தது.

1999-இல் ஆசிரியப் பணி கிடைத்து கனெக்டிகட் போனார். சில வருடங்கள் கற்பித்தார். பிறகு மயாமிக்குத் திரும்பி மறுபடியும் இன்ஜினியர் வேலை! அந்த முதல் தொகுப்பு 1998-இல் வந்தது. இரண்டாவது 2005, மூன்றாவது 2012. ஏழு வருடத்துக்கு ஒரு புத்தகம். இந்தக் காலத்தின் பெரும்பகுதியில் வீட்டு வாடகையைக் கட்டியது சாலையும் பாலமும்தான், கவிதை இல்லை.

2012 டிசம்பரில் வெள்ளை மாளிகைப் பக்கமிருந்து அழைப்பு வந்தது. சில வாரங்களில் மூன்று கவிதைகள் எழுதித் தரச் சொன்னார்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 2013 ஜனவரி 21-இல் வாசித்தார். பதவியேற்பில் கவிதை வாசித்தவர்களில் அவர் ஐந்தாவது கவிஞர். லத்தீன் அமெரிக்க வம்சாவளியில் முதல் ஆள், குடியேறியவர்களில் முதல் ஆள், தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறியப்பட்டவர்களிலும் முதல் ஆள். அப்போது வயது 44. அன்று வாசித்த அந்தக் கவிதையை நீங்களும் ஒருமுறை படியுங்கள். "நான் இந்தக் கவிதையை எழுதுவதற்காக அம்மா இருபது வருடம் கடையில் பில் போட்டாள்" என்று ப்ளாங்கோ தன் அம்மாவைப் பற்றிச் சொல்வது அதில் வருகிறது.

கவிதையை மட்டும் நம்பி வாழும்படி அவருக்கு ஆனது அதற்குப் பிறகுதான். அதுவும் புத்தக விற்பனையால் அல்ல. பல்கலைக்கழக வகுப்பு, ஊர் ஊராகப் போய் வாசிப்பது, பேச்சு, ஒரு நிகழ்ச்சிக்காகப் பிறர் கேட்டு எழுதித் தரும் கவிதை. 2015-இல் ஹவானாவில் அமெரிக்கத் தூதரகம் மறுபடி திறந்தபோது வாசித்தது அந்த வகை. அமெரிக்காவில் கவிஞர்கள் பிழைப்பது பெரும்பாலும் இப்படித்தான். புத்தகத்தின் ராயல்டியில் குடும்பம் நடத்துபவர் மிக அபூர்வம். உங்கள் மகனிடம் இதை மூடி மறைக்க வேண்டாம். பயமுறுத்தவும் வேண்டாம்.

கடிதத்தின் கடைசியில், ப்ளாங்கோ தன்பாலீர்ப்பாளர் என்பதை வைத்து, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருந்தீர்கள். "அவர் கவிதை இவ்வளவு பிடிக்கிறது என்றால் இவனும் அப்படியா?" அம்மா, அதை என்னால் சொல்ல முடியாது, ஒரு கவிஞரைப் பிடித்திருப்பதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மகன் சொன்னால்தான் உண்டு; எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதும் அவன் இஷ்டம். நோண்டிக் கேட்காதீர்கள். ப்ளாங்கோவின் பாட்டி அப்படித்தான் அவரை விடாமல் கண்காணித்தார். சோடாவை ஸ்ட்ரா போட்டுக் குடிக்காதே என்பது வரைக்கும் தடை. பேரன் ஆம்பிளையாக நடக்க வேண்டுமாம். பேரன் மாறவில்லை, அந்தக் கட்டளைகளையே வரிசையாக அடுக்கி ஒரு கவிதையாக்கினார். சிரிப்பு வரும், அப்புறம் வயிற்றைப் பிசையும். பாட்டி சொன்ன எதுவும் அவரைத் தடுக்கவில்லை, வீட்டில் பேச முடியாத வருடங்களைத்தான் கூட்டியது. படிப்பைப் பற்றிய பேச்சில் இந்தக் கேள்வியைக் கலக்கவே வேண்டாம். கவிதை வேண்டாம் என்று நீங்கள் சொல்வதற்கு இதுதான் உண்மையான காரணம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டால், பிறகு கட்டணத்தைப் பற்றி நீங்கள் சொல்லும் நியாயமான வார்த்தைகூட காதில் ஏறாது.

சரி, படிப்புக்கு வருவோம். கணக்கும் இயற்பியலும் அவனுக்கு உண்மையிலேயே பிடிக்குமா? மதிப்பெண் வருகிறது என்பது வேறு. பிடிக்கும் என்றால், ஏபெட் (இன்ஜினியரிங் படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள சிவில் படிப்போடு படைப்பெழுத்தை மைனராக, அதாவது துணைப்பாடமாக எடுக்க இடம் தரும் கல்லூரிகளைப் பாருங்கள். இதில் ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கிறது. இன்ஜினியரிங்கில் சேர்ந்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறுவது சுலபம். திரும்பி வருவது கஷ்டம். கால்குலஸ், இயற்பியல், ஸ்டாட்டிக்ஸ் என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் பாடங்கள் வரும், ஒரு வருடம் தவறினால் மொத்தமும் தள்ளிப்போகும். பிடிக்காது என்றால் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். ப்ளாங்கோவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அதனால்தான் திரும்பிப் போக முடிந்தது.

கவிதையில் மேற்படிப்புக்கு இப்போதே கவலைப்பட வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் வீட்டில் எழுதி ஒட்டலாம்: எம்.எஃப்.ஏ. (படைப்பெழுத்து முதுகலை) படிக்கக் கடன் வாங்குவதில்லை. அயோவா, மிச்சிகன், டெக்சாஸ் ஆஸ்டின் போன்ற இடங்களில் கட்டணத்துக்கு உதவியும் கைச்செலவுக்குத் தொகையும் தருகிறார்கள். இடம் கிடைப்பது கடினம்தான். கிடைக்காவிட்டால் ப்ளாங்கோ போல வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், அல்லது பட்டமே இல்லாமல் எழுதலாம்.

இந்த வருடத்துக்கு வேலை என்று பார்த்தால், பள்ளி மாணவர்களுக்கான ஸ்கொலாஸ்டிக் கலை எழுத்து விருதுகளுக்குக் கவிதைகளை அனுப்பச் சொல்லுங்கள். முடிவு எப்படி வந்தாலும், கெடு தேதிக்குள் ஒரு தொகுப்பைத் திருத்தி முடிக்கும் பழக்கம் வரும். அப்புறம் ஐந்தாறு கல்லூரிகளின் இணையதளத்தில் நெட் ப்ரைஸ் கால்குலேட்டரில் (உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியதை மதிப்பிட்டுக் காட்டும் கருவி) உங்கள் வருமானத்தைப் போட்டு, வரும் தொகையை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பினால், எந்தக் கல்லூரியில் மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை மாற்றுவதற்கு என்ன விதி என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.