இரண்டு தூரமும் சரிதான்

கேள்வி: 2021 ஆகஸ்ட் 24 மதியம் வங்கக் கடலில் 5.1 அளவில் நிலநடுக்கம் என்று செய்தி வந்தது. காக்கிநாடாவிலிருந்து 296 கி.மீ. என்றார்கள், சென்னையிலிருந்து 320 கி.மீ. என்றும் சொன்னார்கள். அன்று என் வீட்டுக்காரர் கடலில் மீன்பிடித் தொழிலுக்குப் போயிருந்தார், பதறிவிட்டேன். எந்தத் தூரம் சரி? இனி இப்படிச் செய்தி வந்தால் பயப்பட வேண்டுமா?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: இரண்டும் சரிதான், சகோதரி. நடுங்கிய இடம் ஒன்றுதான். எந்த ஊரிலிருந்து அளக்கிறார்கள் என்பதுதான் வேறு.

வீடு ஆடுமா என்பதற்குத்தான் இந்தத் தூரம் உதவும். 2001 செப்டம்பர் 25, இரவு எட்டரை மணி இருக்கும். புதுச்சேரியில் மாடி வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பரணில் இருந்த பித்தளை அண்டா கடகடவென்று ஆடியது, குடத்துத் தண்ணீர் தளும்பித் தரையில் ஓடியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எங்களைக் கீழே இழுத்துக்கொண்டு ஓடினார். அதுவும் ஏறக்குறைய 5.5தான். ஆனால் கரையிலிருந்து சுமார் 40 கி.மீ.யில் நடந்ததால் அந்த ஆட்டம். அலை எதுவும் வரவில்லை.

சுனாமிக்கு அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 6.5க்குக் கீழே சுனாமி எழுவது மிக அரிது. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே வந்தது 9.1, நீங்கள் கேட்கும் 5.1ஐப் போலப் பத்து லட்சம் மடங்கு சக்தி. எங்கள் வீட்டில் ஒரு டம்ளர்கூட அசையவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கடல் ஊருக்குள் வந்தது. அவ்வளவு தூரம் நம்மைக் காப்பாற்றவில்லை, நேரம் மட்டும் கொடுத்தது. அன்று அந்த நேரத்தைப் பயன்படுத்த நமக்கு எச்சரிக்கை சொல்ல ஆள் இல்லை என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை. இப்போது ஐதராபாத்தில் அதற்கென்றே மையம் இயங்குகிறது. ஆனால் கரையில் நிற்கும்போது தரை பலமாக, வெகுநேரம் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ எந்தச் செய்திக்கும் காத்திருக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரர். ஆழ்கடலில் சுனாமி போட்டுக்கு அடியில் தெரியாமலேயே போய்விடும். கரையை நெருங்கும்போதுதான் எழும்பும். எச்சரிக்கை வந்தால் அவரை அவசரமாகத் துறைமுகத்துக்குத் திரும்பச் சொல்லாதீர்கள். ஆழத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பிள்ளைகளோடு மேட்டுக்குப் போய்விடுங்கள்.